பதினேழாவது கட்டம்

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்திவிட்டு மின்னல் தண்ணீர் பாட்டிலைத் திறப்பார். இரண்டு மடக்கு குடிப்பதற்குள் திரையில் இருக்கும் படிவத்தில் தேதி, நேரம், வார்டு, கட்டில் எண், மருத்துவர் பெயர் எல்லாம் தாமாக வந்து கட்டங்களில் உட்கார்ந்துவிடும். நாற்பத்திரண்டில் முப்பத்தொரு கட்டங்கள் அப்படி நிரம்பும். மீதியை விசாரித்துத் தட்டுவார். ஓர் ஆளைச் சேர்க்க நான்கு நிமிடம் பத்து விநாடி. கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

முதியோர் காப்பகத்தின் சேர்க்கை அறை அது. மின்னல் என்பது அங்கே படிவம் நிரப்பும் பெண்ணுக்குக் காவலாளி வைத்த பெயர். வயது நாற்பத்தாறு. கீபோர்டைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தினமும் தேய்ப்பார். வேலையைத் தானாகச் செய்துவிடத் தான் எழுதிய மேக்ரோ என்னும் குட்டி நிரல்களுக்கு உறவுமுறை வைத்திருக்கிறார். கட்டங்களை நிரப்புவது மாமியார்: "கேக்காமலே எல்லாத்துலயும் மூக்க நுழைக்கும் சார்." கட்டத்துக்குக் கட்டம் தாவுவது சின்ன மச்சினன்: "ஒரு எடத்துல நிக்க மாட்டான்."

ஓய்வுக்குப் பிறகும் வாரம் மூன்று நாள் பதிவேடுகளைச் சரிபார்க்க அங்கே போகிறேன். போன ஆண்டு ஒரு நாள் மின்னல், "ஆம்புலன்ஸ்ல வர்றவங்கள்ல எத்தன பேருக்கு சார் சொந்தக்காரங்க இருக்காங்க?" என்று கேட்டார். ஆறு ஆண்டுப் பதிவேடுகளை எண்ணிச் சொன்னேன்: நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்கு யாரும் இல்லை. மறுநாள் முதல், அழைத்து வந்தது ஆம்புலன்ஸ் என்று தேர்ந்தெடுத்தால், நெருங்கிய உறவினர் என்ற பதினேழாவது கட்டத்தில் 'இல்லை' என்று தானாக விழுந்தது. மச்சினன் அதைத் தாண்டிப் பதினெட்டுக்குப் போனான்.

மார்ச் பதினொன்று, காலை 10.20. தெருவில் விழுந்து கிடந்த பேருந்து ஓட்டுநர் ஒருவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காய்ச்சல் வேகத்தில், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். பதினேழாவதை யாரும் கேட்கவில்லை. பதிமூன்றாம் தேதி இறந்தார். உறவினர் இல்லை என்று இருந்ததால் பதினான்காம் தேதி காப்பகமே அடக்கம் செய்தது. ஊரெல்லாம் தேடிவிட்டு, பதினைந்தாம் தேதி மகள் வந்து நின்றார்.

படிவத்தை வாங்கிப் பதினேழாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"எங்கப்பாவுக்கு என் நம்பர் மனப்பாடம்மா. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரு. நீங்க கேட்டீங்களா?"

"கேக்கலம்மா" என்றார் மின்னல்.

அன்று மாலை, "கணக்கு நான் கொடுத்தது" என்றேன்.

"கணக்குல தப்பில்ல சார். மிச்சம் எட்டுப் பேரு வாய நான்தான் அடைச்சேன்."

அந்தக் கணக்கை மறுபடி எண்ணினேன். தொண்ணூற்றிரண்டுதான். சரியாக இருப்பதில் எனக்கு முதல்முறையாக நிம்மதி கிடைக்கவில்லை.

மாமியார் இன்னும் இருக்கிறார். ஆனால் பதினேழில் கர்சர் நின்றுவிடும், தட்டாமல் நகராது. "யார் நம்பராச்சும் ஞாபகம் இருக்குங்களா?" என்று வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்கிறார். காது கேளாதவருக்குப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுகிறார். இப்போது ஓர் ஆளுக்குப் பதினோரு நிமிடம்.

"என்னக்கா, மின்னல் நொண்டுது?" என்று காவலாளி சீண்டினால், "நொண்டட்டும்டா. ஓடிக் கிழிச்சது போதும்" என்பார்.

நேற்று வந்த பெரியவருக்கு வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இடது கை மட்டும் அசைந்தது. பெயர்கூடத் தெரியவில்லை. மின்னல் மூன்று முறை கேட்டார். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம்தான் வந்தது.

"அக்கா, இல்லன்னு போட்டுட்டு அனுப்புங்க. கட்டில் ரெடி" என்றாள் நர்ஸ்.

"இரும்மா. இல்லன்னு அவரு சொல்லலியே."

மேஜைத் தொலைபேசியை வயரோடு இழுத்துப் பெரியவரின் மடியில் வைத்தார். ரிசீவரை எடுத்து அவர் காதில் தோளோடு சேர்த்து அண்டக் கொடுத்தார். இடது கையைத் தூக்கி எண்கள் மேல் வைத்தார். விரல் ஓர் எண்ணின் மேல் நின்றது, இன்னும் அழுத்தவில்லை. அவருக்காகத் தட்டிவிடாமலிருக்க, மின்னல் தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.