திரும்பக் கூப்பிடும் ஊதல்

வின்ஃபீல்ட் அண்ட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனி மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். பாதை போன மேட்டில் இப்போது சோளம் நிற்கிறது. ஹால்வர் ஊர் ஸ்டேஷனும், அதன் முன்னால் கொஞ்சம் தண்டவாளமும், ஒரு டீசல் எஞ்சினும், கடைசியில் மாட்டும் ஒரு கார்டு வண்டியும்தான் மிச்சம். ஊர் ரயில் சங்கத்தார் அவற்றைத் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஓர்வில் டால்பெர்க் அந்தக் கம்பெனியில் பிரேக்மேனாக, சரக்கு வண்டிகளின் பிரேக்கையும் இணைப்பையும் பார்த்துக்கொள்ளும் ஆளாக, இருந்தவர். பால்பண்ணைக்காரரின் மூன்றாவது மகன். மாடுகளிடமிருந்து தப்பிக்கவே ரயிலுக்குப் போனார். கம்பெனி மூடியதும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கும் வேலை கிடைத்தது. பிள்ளைகள் வாந்தி எடுத்த இடத்தில் மரத்தூள் போட்டுப் பெருக்குகிற ஆளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மனைவி ஐலீன் இறந்த பிறகு வீட்டிலும் கேட்க ஆளில்லை. அப்போதுதான் சங்கத்தார் சனிக்கிழமைகளில் ஸ்டேஷனுக்கு வந்து பழைய கதை சொல்லச் சொன்னார்கள்.

அவர் கதைகளில் ஒன்றும் இல்லை. கூட்டம் கொட்டாவி விட்டது. ஒரு சனிக்கிழமை, வாய் தவறி என்றுகூடச் சொல்ல முடியாது, கூட வேலை பார்த்த எல்மர் ஸ்குபிக்கின் கதையை எடுத்து 'நான்' என்று சொல்லிவிட்டார்.

ஜனவரிப் பனிப்புயல். சரக்கு வண்டி பனியில் சிக்கி நின்றது. அப்படி நின்றால் பின் பிரேக்மேன் சிவப்பு விளக்கை எடுத்துக்கொண்டு வந்த வழியே வெகுதூரம் நடந்து போய் நிற்க வேண்டும், பின்னால் வரும் வண்டியை நிறுத்த. தன் எஞ்சின் நான்கு நீள ஊதல் ஊதித் திரும்பக் கூப்பிடும்வரை அவன் இடத்தை விட்டு அசையக் கூடாது. வண்டி நகர முடியாததால் அன்று கூப்பிட வழியே இல்லை. பின் பிரேக்மேனான எல்மர் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் ஒரு வண்டி வந்தது. விளக்கை வீசி நிறுத்தினார். அந்த வண்டிக்காரர்கள் அவரைக் கட்டையைத் தூக்குவது போலத் தூக்கி ஏற்றினார்கள். இடது காலில் இரண்டு விரல் உறைந்து போயிற்று.

ஓர்வில் அன்று முன் பிரேக்மேன். எஞ்சின் அறைக்குள் சூடான காற்று வீசும் இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

அந்த வண்டியில் இருந்த மற்ற எல்லோரும், எல்மர் உட்பட, பின்னால் ஒவ்வொருவராக இறந்துவிட்டார்கள்; மறுத்துச் சொல்ல ஆளில்லை. கதையைக் கேட்டு ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமையும் அதையே கேட்டார்கள். இந்த ஆகஸ்டில் புதுப்பித்த கார்டு வண்டிக்கு அவர் பெயரையே எழுதி, மேலே துணி போட்டு மூடியும் வைத்துவிட்டார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் சர்ச் கூடத்தில் விருந்து. உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்து அடுப்பில் சுட்ட ஹாட்டிஷ்ஷைத் தட்டில் வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி எதிரே வந்து உட்கார்ந்தாள். அறுபதை நெருங்கும் வயது.

"நீங்கதானே ஓர்வில்? நான் ரோவீனா. எல்மர் ஸ்குபிக்கோட பொண்ணு. ஓரகன்லேர்ந்து வர்றேன்."

ஓர்விலுக்குக் கையிலிருந்த கரண்டி கனத்தது.

"அப்பா ரயிலைப் பத்தி வாயே திறக்க மாட்டார். நீங்க அவர்கூட வேலை பாத்தவர்னு சொன்னாங்க. அந்தப் பனிப்புயல் அன்னிக்கு அவரும் அந்த வண்டியிலதான் இருந்தாராமே?"

"இருந்தார்."

"எங்க இருந்தார்?"

சொல்லிவிட நல்ல சமயம் அது. சங்கத் தலைவர் கென் பக்கத்து மேஜையிலிருந்து அவரைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினார். ஓர்வில் காபியை ஒரு மடக்கு குடித்தார்.

"எஞ்சின்ல. உள்ளே. கதகதன்னு."

ரோவீனா சிரித்தாள். கொஞ்சம் சுருங்கிய சிரிப்பு. "அதானே பாத்தேன்! அம்மா எப்பவும் சொல்லுவா, உங்கப்பனுக்கு எங்க சூடு இருக்கோ அங்கதான் இடம்னு. பாவம், அப்படிப்பட்ட மனுஷன் ஐஸ்மேல உக்காந்து மீன் பிடிக்கப் போய்க் கால் விரலைத் தொலைச்சார். பனியில நின்ன உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"நல்ல பூட்ஸ் போட்டிருந்தேன்," என்றார் ஓர்வில்.

திருட்டு அதுவரை ஒரு கதையோடு நின்றிருந்தது. இப்போது செத்தவனின் இடத்தில் தன்னை உட்கார வைத்ததும் போதாமல், தன் இடத்தில் அவனைக் கொண்டுபோய் உட்கார வைத்தாகிவிட்டது, அதுவும் அவன் மகள் கண்ணெதிரில். தட்டை அப்படியே தள்ளி வைத்தார்.

மறுநாள் காலை கூட்டம் சேர்ந்தது. ஏற்பாடு இதுதான்: எஞ்சின் ஊதியதும் ஓர்வில் சிவப்பு விளக்கோடு பின்னால் நடந்து தண்டவாளம் முடியும் இடத்தில் நிற்பார். நான்கு நீள ஊதல் கேட்டதும் திரும்பி வருவார். துணியை விலக்குவார்கள்.

ஊதல் வந்தது. ஓர்விலின் கால் தானாக நடந்தது. எஞ்சினைத் தாண்டி, முன்பக்கமாக.

கூட்டம் சிரித்தது. வேறு பிரிவில் கண்டக்டராக இருந்த கிழவர் கிளென் நாற்காலியில் இருந்தபடியே கத்தினார்: "டேய் ஓர்வில்! எங்கடா போற? முன் பிரேக்மேன்தான்டா முன்னால போவான்! கால் மறந்து போச்சா, இல்ல கால்தான் ஞாபகம் வெச்சிருக்கா?"

மறுபடி சிரிப்பு. ஓர்விலுக்குக் காது மடல் எரிந்தது. ரோவீனா மட்டும் சிரிக்கவில்லை; அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி, எல்லோர் முன்னாலும் நடந்து, கார்டு வண்டியைக் கடந்து, தண்டவாளத்தின் கடைசிக் கட்டையில் போய் நின்றார். அதற்கப்பால் சோளம்.

நான்கு நீள ஊதல்.

அவர் அசையவில்லை.

மறுபடி ஊதினார்கள். "காது கேக்கலையா அவருக்கு?" என்று யாரோ கேட்டது காற்றில் வந்தது. கேட்டது. நன்றாகவே கேட்டது. கூப்பிட்டது அவரை இல்லை.

ரோவீனா தண்டவாளத்தின் நடுவே கட்டை கட்டையாகத் தாண்டி வந்தாள்.

"ஓர்வில், உங்களைத்தான் கூப்பிடறாங்க. உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

ஓர்வில் சோளத்தைப் பார்த்தபடி சொன்னார்: "உங்கப்பாவுக்கு மீன் பிடிக்கவே தெரியாதும்மா. மீன் வாடையே ஆகாது அவருக்கு. உங்கம்மா ரயிலை விடு விடுன்னு அழுதுட்டிருந்தா. விரல் ரயில்ல போனது அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு மீன் பிடிக்கப் போனதாச் சொன்னார்."

அவள் குனிந்தாள். அவர் பூட்ஸைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"எஞ்சின்ல கதகதன்னு இருந்தது யாரு?"

"நான்."

"நேத்து ராத்திரி அம்மா படத்தைப் பாத்து நான் சிரிச்சேன். 'நீ சொன்னது சரிதான்மா'ன்னு." அவள் விளக்கைக் காட்டினாள். "குடுங்க அதை."

விளக்கை அவர் கையிலிருந்து பிடுங்கவில்லை. அவரே கொடுக்கட்டும் என்று கையை நீட்டிக் காத்திருந்தாள். கொடுத்தார். அவள் திரும்பி நடந்தாள். தூரத்தில் அவள் கென்னிடம் ஏதோ சொல்வதும், துணியின் கயிற்றைப் பிடித்திருந்த கை கீழே இறங்குவதும் தெரிந்தன.

அதன் பிறகு ஊதல் வரவில்லை. ஓர்வில் கடைசிக் கட்டையிலேயே நின்றார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. கால் விரல்கள் பத்தும் பூட்ஸுக்குள் வியர்த்தன.