பதினான்கு மாத முதலாளி

என் கணவரோடு பேசியதைவிடத் தலகாணி அண்ணனோடு நான் பேசியதுதான் அதிகம். அதிலும் முக்கால்வாசி சண்டை. லாரிக் கம்பெனி ஒன்றின் லோடு மேஜையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எந்த வண்டி எங்கே போக வேண்டும், யார் ஓட்ட வேண்டும், எத்தனை மணிக்குள் சரக்கை இறக்க வேண்டும் என்று போனில் சொல்வதுதான் என் வேலை. சொன்னதையே திரும்பச் சொல்ல வைத்தால் எனக்குக் கோபம் வரும். டிரைவர்கள் எல்லாரும் திரும்பத்தான் சொல்ல வைப்பார்கள்.

அண்ணனுக்கு வயது ஐம்பத்து மூன்று. எங்கள் கம்பெனியில் யாருக்கும் இன்ன வண்டி என்று கிடையாது. எது தயாராக நிற்கிறதோ அதில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் அவர் ஒரு கையில் பையும் அக்குளில் ஒரு தலையணையுமாக வண்டிக்கு வண்டி மாறிக்கொண்டே இருப்பார். "மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போறீங்களா?" என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். பெயரே தலகாணி என்று ஆகிவிட்டது. பத்தொன்பது வருடம் ஓட்டியும் ஒரு வண்டியில்கூடக் கீறல் விழவில்லை என்பதை மட்டும் யாரும் பட்டப்பெயராக வைக்கவில்லை.

கீறல் விழாததற்குக் காரணம் தூக்கம்தான். எங்களிடம் சம்பள டிரைவருக்கு ஓர் உரிமை உண்டு. வழியில் எங்கே இருந்தாலும் சரி, போன் போட்டு "கண்ணு கட்டுது" என்று சொன்னால், வண்டியை ஓரங்கட்டித் தூங்கலாம். நேரத்தை நோட்டில் எழுதிக்கொண்டு நான் போனை வைத்துவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. எப்போது கிளம்புவீர்கள் என்றும் கேட்கக் கூடாது. பழைய விபத்து ஒன்றுக்குப் பிறகு முதலாளியே போட்ட சட்டம் அது. மற்ற டிரைவர்கள் அதைச் சொல்ல வெட்கப்படுவார்கள். தலகாணி அண்ணனுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது.

"ஏம்மா, கண்ணு கட்டுது."

"இப்பத்தானே அண்ணே சாப்பிட்டுக் கிளம்புனீங்க?"

"கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கில்ல?"

"இருக்கு. என் வயிறு எரியக் கூடாதுன்னு சட்டம் இல்லியே!"

சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார். அந்தச் சரக்குக்காகக் காத்திருப்பவனிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது நான்.

அப்படிப்பட்ட மனிதருக்கும் ஒரு குறை இருந்தது. இருக்கை. ஒவ்வொரு முறை ஏறும்போதும் முந்தின டிரைவர் தன் காலுக்குத் தகுந்தபடி அதை நகர்த்தி வைத்திருப்பான். அண்ணன் உயரம் குறைவு. முன்னால் இழுத்து, சாய்வை நிமிர்த்தி, கண்ணாடிகளைத் திருப்பி, அடுத்தவன் வியர்வை வாடை போக ஜன்னலைத் திறந்து வைத்து, அதற்குப் பிறகுதான் வண்டியை எடுக்க முடியும். "பத்தொம்பது வருஷமாச்சும்மா. நான் விட்டுட்டுப் போன எடத்துல என் சீட்டு ஒரு நாளாவது இருந்துருக்கா?" என்று ஒருமுறை கேட்டார். இதெல்லாம் ஒரு குறையா என்று அன்று நினைத்தேன். எனக்கென்ன, என் நாற்காலி வைத்த இடத்திலேயே இருக்கிறது.

இப்படி இருக்கையில்தான் முதலாளி லீஸ் திட்டத்தைக் கொண்டுவந்தார். வண்டியை டிரைவரே எடுத்துக்கொள்ளலாம். வாடகையிலிருந்து வாராவாரம் தவணை பிடிக்கப்படும். டீசல், டயர், ரிப்பேர் எல்லாம் எடுத்தவர் பொறுப்பு. நாலு வருடம் முடிந்தால் வண்டி அவர் பெயருக்கு மாறும். நடுவில் திருப்பிக் கொடுத்தால் கட்டியது கட்டியதுதான், ஒன்றும் கைக்கு வராது. இந்தக் கடைசி வரி தாளில் பொடி எழுத்தில் இருந்தது. மற்றதெல்லாம் கொட்டை எழுத்து.

அண்ணன் மூன்று வாரம் மதில் மேல் பூனையாக இருந்தார். ஒரு நாள் மத்தியானம் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். கூட ரேடியோ. ரேடியோ அவருடைய பழைய கூட்டாளி, வாய் மூடாதவன். எங்களை விட்டு விலகி, பாங்கில் கடன் வாங்கிச் சொந்தமாக லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"சம்பளத்துக்கு ஓட்டுறவன் உரலு. ஒரு பக்கம்தான் இடி," என்றான் ரேடியோ. "லீசுக்கு ஓட்டுறவன் மத்தளம். ரெண்டு பக்கமும் இடி. வண்டி அவங்களுது, செலவு உன்னுது. எடுத்தா என்னை மாதிரி சொந்தமா எடு."

"உன்னை மாதிரியா? எஞ்சின் வேலைன்னு போன மாசம் இருபத்து மூணு நாள் மெக்கானிக் கடையில வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்திருந்தியே, அந்த மாதிரியா?"

"அது யானையக் கட்டித் தீனி போடுறது அண்ணே. யானைன்னா அப்பிடித்தான் இருக்கும்."

"எனக்கு யானை வேணாம்டா. ஏறி உக்காந்தா என் முதுகுக்குச் சரியா ஒரு சீட்டு வேணும். அதுக்கு லீசே போதும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

நான் என்ன சொன்னேன் என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். முதலாளி சொல்லச் சொன்னதைச் சொன்னேன். நல்ல திட்டம் அண்ணே, டிரைவராக வந்தவர்கள் ஓனராகப் போகலாம், நாலு வருடம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்றேன். இந்தத் திட்டத்தை எங்கள் வெளியூர்க் கிளையில் முன்பே ஓட்டிப் பார்த்திருந்தார்கள். அவருக்கு ஒதுக்கியிருந்த வண்டியை அங்கே இரண்டு பேர் எடுத்துத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

முதல் மூன்று மாதம் மனிதரைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. அண்ணியை ஒரு நாள் கூட்டிவந்து வண்டியில் ஏற்றினார். அவர் தையல் கடையில் வேலை செய்கிறவர், வண்டிக்குத் தானே தைத்த திரைத்துணி கொண்டுவந்திருந்தார். இவர் இருக்கையைத் தட்டிக் காட்டி, "பாரு, நேத்து விட்ட மாதிரியே இருக்கு," என்றார். "எங்க போகும்? காலா இருக்கு அதுக்கு?" என்றார் அண்ணி. ஆனால் அவர் முகத்திலும் பெருமை தெரிந்தது.

நாலாவது மாதத்துக்குப் பிறகு "கண்ணு கட்டுது" என்ற போன் நின்றுபோனது. அதை நான் உடனே கவனிக்கவில்லை. போன் வராததை யார் கவனிப்பார்கள்? உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. லீஸ் வண்டிகளின் ஓய்வு நேரத்தை நாங்கள் எழுதுவதில்லை. அவர்கள் முதலாளிகள் அல்லவா, அவர்கள் தூக்கம் அவர்கள் பாடு. வண்டி நின்றால் தவணை நிற்காது என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். சரக்கை இறக்கிய உடனே, "அடுத்து என்னம்மா இருக்கு?" என்று கேட்பார். குரல் கரகரப்பாகிவிட்டது. வாக்கியத்தின் கடைசி வார்த்தை வந்து சேர நேரமாகும்.

"கொஞ்சம் படுத்துட்டு எடுங்களேன் அண்ணே."

"இப்பக் கேட்டா எப்பிடி? நான் தூங்குனப்பல்லாம் வயிறு எரிஞ்சவதானே நீ."

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் லோடு கொடுத்தேன். கொடுக்காவிட்டால் வேறு கம்பெனியிடம் கேட்டு எடுப்பார், அதற்கு நாமே கொடுக்கலாம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

பதினான்காவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணி. போனில் அவர்தான்.

"என்னம்மா, இங்க கேட்டைத் திறக்க மாட்டேங்குறான். இப்பிடி ஒரு லோடு வர்றதாத் தகவலே இல்லையாம், லோடு சீட்டும் வரலையாம். நீ அவன்கிட்ட பேசு."

காவலாளியிடம் கொடுக்கச் சொன்னேன். வழக்கம்போலக் கோபத்தோடு ஆரம்பித்தேன். காகித உருளை ஏற்றிய வண்டி, அச்சகத்துக்கு வந்திருக்கிறது, சீட்டு நேற்றே அனுப்பியாயிற்று என்று பொரிந்து தள்ளினேன். அந்த ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, இது சோப்பு ஃபேக்டரி," என்றார்.

போன வாரம் வரைக்கும் அண்ணன் அந்த சோப்புத் தொழிற்சாலைக்குத்தான் மூலப்பொருள் இறக்கிக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலை பிரியும் இடத்தில் அன்று வலது பக்கம் திரும்பியிருக்க வேண்டும். கை பழகிய பக்கம் திரும்பிவிட்டது. அங்கிருந்து சோப்புத் தொழிற்சாலை நாலு மணி நேர ஓட்டம்.

போனைத் திரும்ப வாங்கினார் அண்ணன். அதற்குள் அவருக்கும் புரிந்திருந்தது. திட்டுவார் என்று பார்த்தேன்.

"ஏம்மா, பாதை மாறுனது பெருசில்ல. இந்த நாலு மணி நேரம் எனக்கு ஞாபகம் இல்ல. சுங்கச் சாவடி தாண்டிருக்கேன், சீட்டு பையில இருக்கு. பாலம் ஒண்ணு வரும், அதைத் தாண்டிருக்கேன். ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. கண்ணு திறந்துதான் இருந்துச்சா?"

எனக்கு அழுகை வந்தது. அச்சகத்துக்குப் போன் போட்டு, சரக்கு நாளைக்குத்தான் என்று சொல்லி, அவர்கள் திட்டியதை வாங்கிக்கொண்டேன். அண்ணனை அங்கேயே நிறுத்திப் படுக்கச் சொன்னேன். நோட்டில் நேரத்தை எழுதினேன். லீஸ் வண்டிக்கு எழுதக் கூடாது. எழுதினேன்.

அந்த வாரக் கடைசியில் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அண்ணியும் கூட வந்திருந்தார். முதலாளி காப்பி வாங்கிக் கொடுத்து, "இன்னும் முப்பத்து நாலு மாசம்தானே, பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓட்டிருங்க," என்றார். அண்ணி குறுக்கிட்டார். "பல்லை அவர் கடிச்சுக்குவாரு சார். தூங்கிட்டாருன்னா நாங்க எதைக் கடிக்கிறது?" முதலாளி அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை. சம்பளத்துக்கு மறுபடி சேர்த்துக்கொள்வதாகவும், புது ஆளுக்கு உள்ள சம்பளம்தான் தர முடியும் என்றும் சொன்னார். அண்ணன் தலையாட்டினார்.

கையெழுத்துப் போட என் மேஜைக்கு வந்தார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எனக்கு முன்னாடி யாராச்சும் இந்த வண்டிய எடுத்துத் திருப்பிக் குடுத்தாங்களா?"

"ரெண்டு பேருண்ணே."

"நான் எடுக்குறப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தாளைப் பார்த்துக்கொண்டே, "நானும் கேட்டிருக்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கீழே வண்டியிலிருந்து அண்ணி திரைத்துணியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் வேலைக்கு வந்தார். அன்று ஒரு லோடு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. கிளம்பத் தயாராக இருந்தது ஒரே ஒரு வண்டி. பதினான்கு மாதம் அவர் தவணை கட்டிய அதே வண்டி. பலகையிலிருந்து சாவியை எடுக்க எனக்குக் கை கூசியது.

"அண்ணே, ரெண்டு மணி நேரம் பொறுங்க. வேற வண்டி ஒண்ணு வருது, மாத்தித் தரேன். லேட்டானா நான் பாத்துக்குறேன்."

"எதுக்கும்மா? குடு."

"இல்லண்ணே, இது..."

"என்ன இது? கம்பெனி வண்டி." சாவியைப் பலகையிலிருந்து அவரே எடுத்துக்கொண்டார். முகத்தில் வருத்தம் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. "என் வண்டியா இருந்தவரைக்கும் இதுல நான் ஒழுங்காத் தூங்கவே இல்ல. இனிமே தூங்குவேன்."

லோடு சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். நோட்டில் அந்த வண்டி எண்ணுக்கு எதிரே சம்பள டிரைவர் என்று எழுதினேன்.