அம்மாவை எடுத்த இரண்டு கமராக்கள்

அம்மா உயிரோடு இருக்கும்போதே அவருடைய கல்வெட்டுக்குப் படம் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று முதலில் சொன்னவர் அண்ணா. கனடாவிலிருந்து தொலைபேசியில் சொன்னார். கல்வெட்டு என்பது முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்கு எங்கள் ஆட்கள் அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகம். முன்னட்டையில் செத்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, கடைசிப் பக்கத்தில் நன்றி. அப்பாவின் கல்வெட்டில் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போட்டிருந்தோம். அதைக் கையில் வாங்கிப் பார்த்த அம்மா, "மனுசனைக் கள்ளன் மாதிரிப் போட்டிட்டியள்" என்று வந்திருந்த எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகும் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிழையைத் திரும்பவும் விடக்கூடாது. நான் ஒரு நல்ல கமரா வாங்கிக்கொண்டு வாறன்," என்றார் அண்ணா.

அம்மாவுக்கு உணவுக்குழாயில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்கும் போயிருந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் எங்கள் பிளாட். கல்யாணம் செய்யாதவள் என்பதால் பார்ப்பது என் பொறுப்பு என்று யாரும் முடிவெடுக்காமலே முடிவாகியிருந்தது. வங்கியில் சம்பளமில்லாத லீவு எடுத்தேன். அம்மாவால் விழுங்க முடியாது. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில் அரைத்து வடித்த சூப்பையும் பாலையும் ஊசிக் குழலால் ஏற்றுவேன். கன்னத்தில் பிளாஸ்டர் போட்டு அந்தக் குழாயை ஒட்டியிருந்தோம்.

அறையில் இருந்த நிலைக்கண்ணாடி பதித்த அலுமாரியை நான் வெளியே எடுப்பித்திருந்தேன். பலகையில் பூச்சி பிடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் நம்பினார் என்றுதான் நினைத்தேன்.

அண்ணா வந்த மறுநாளே கமராவைப் பெட்டியிலிருந்து எடுத்தார். மிரர்லெஸ், லென்ஸைக் கழற்றி மாட்டுகிற வகை. அந்தக் கம்பனி செய்கிறவற்றில் ஆகக் குறைந்த ரகம்தான், ஆனால் படம் எடுக்கப் பழகுகிறவனுக்கு இதைவிடத் திறமாக வேறொன்றும் இல்லை என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை. கொட்டாஞ்சேனையிலிருந்து தம்பியும் வந்திருந்தான். அவன் கொச்சிக்கடையில் கப்பல் சாமான் இறக்கும் ஏஜென்சி ஒன்றில் வேலை செய்கிறான். அவனிடமும் ஒரு கமரா இருந்தது. லென்ஸைக் கழற்ற முடியாத, சட்டைப் பைக்குள் போகும் சின்னச் சூப்பர்சூம். பட்டனை அழுத்தினால் லென்ஸ் நீண்டுகொண்டே போகும். துறைமுக மதிலுக்கு வெளியே நின்று, தூரத்தில் நிற்கும் கப்பலின் பெயரை அதில் வாசிக்கலாம் என்று பெருமையாகச் சொல்வான்.

"அதைக் குப்பையிலை போடடா," என்றார் அண்ணா. "அதின்ரை சென்சர் சின்னி விரல் நகமளவு. அறைக்குள்ளை அது என்ன வெளிச்சம் பிடிக்கும்?"

"உங்கடை லென்ஸ் எட்டாதே, அண்ணா. கட்டிலிலை ஏறி நிண்டே எடுக்கப் போறியள்?"

"ஏன் எட்டோணும்? ஆள் எங்கை ஓடப்போறா?"

அம்மாவின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

அண்ணா கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றார். கமராவோடு வந்த லென்ஸில் முகம் நிறைய வர வேண்டுமென்றால் கிட்டப் போகத்தான் வேண்டும். போனார். அம்மா தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

"ஏன்ரா இப்பிடிக் கிட்ட வாறாய்?"

"ஒரு படம், அம்மா."

"என்னத்துக்கு இப்ப?"

"சும்மா. ரெண்டு கமராவையும் ஒப்பிட்டுப் பாக்கிறம்."

"ஒப்பிடுறதுக்கு உங்களுக்கு வேறை சாமான் கிடைக்கேல்லையே?"

அப்படிக் கேட்டாலும், கையால் தலைமயிரைத் தடவிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். தம்பி வாசற்படியில் நின்றபடியே லென்ஸை நீட்டி எடுத்தான். அவன் எடுத்தது அம்மாவுக்குத் தெரியாது.

பிறகு இருவரும் சாப்பாட்டு மேசையில் லப்டொப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அண்ணா தன் படத்தைப் பெருப்பித்தார். அம்மாவின் கன்னம் திரையை நிரப்பியது.

"இங்கை பார். ஒவ்வொரு சுருக்கமும் தனித்தனியாத் தெரியுது. பிளாஸ்டரின்ரை நூல்கூடத் தெரியுது. இப்ப உன்ரையைப் போடு."

தம்பியின் படத்தில் முகம் ஈரத் துணியால் துடைத்த மாதிரி இருந்தது. சுருக்கமும் இல்லை, கண்ணிமையும் இல்லை.

"மாப் பூசினது போலை," என்று அண்ணா சிரித்தார். "இருட்டிலை இது இப்பிடித்தான். புள்ளி வரும், அதை மறைக்கத் தானே பூசிவிடும்."

"உங்கடையிலை மூக்கு இவ்வளவு பெரிசா வந்திருக்கு, அதைப் பாக்கேல்லையே? அம்மாவுக்கு இப்பிடியா மூக்கு? கிட்டப் போய் எடுத்தா அப்பிடித்தான். தூர நிண்டு இழுத்து எடுத்தாத்தான் முகம் முகமா வரும்."

"நிறம் பிழைச்சுப்போச்சு, அதுதான். மஞ்சளா விழுந்திருக்கு. திருத்தலாம்." அண்ணா எதையோ அழுத்தினார். அம்மாவின் முகம் நீலமானது. இன்னொன்றை அழுத்தினார். சாம்பல் நிறமானது.

"அண்ணா, அது காமாலை," என்றான் தம்பி. "கமராவிலை பிழையில்லை."

அப்போது உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இங்கை கொண்டுவாங்கோ. நானும் பாக்கிறன்."

நான் கண்ணால் வேண்டாம் என்றேன். அண்ணா அதைக் கவனிக்கவில்லை. லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போய் அம்மாவின் மடியில் வைத்தார். தன் படம் எவ்வளவு துல்லியம் என்று அம்மா சொல்ல வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். வேறு கெட்ட எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. அம்மா என்ன பார்க்கப்போகிறார் என்று அவர் யோசிக்கவே இல்லை.

அம்மா கனநேரம் பார்த்தார்.

"இது ஆர்?"

அண்ணா லப்டொப்பின் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மற்றதைக் காட்டு." தம்பியின் படம் வந்தது. "இதிலை ஆளே இல்லை," என்றார். திரும்ப அண்ணாவின் படத்தைக் கேட்டார். கன்னத்துக் குழியை, திறந்திருந்த வாயை, மஞ்சள் கண்களை, ஏதோ வீட்டுச் சாமான் வாங்குகிறவர்போல ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார்.

"கல்வெட்டுக்குத்தானே?"

"சீச்சீ, அம்மா..." என்று தொடங்கினார் அண்ணா.

"பொய் சொல்லாதை. எது திறமெண்டு நான் சொல்லுறன். உன்ரை கமரா கிட்ட வந்தாத்தான் வடிவா எடுக்கும். நீ எப்பவடா கிட்ட வந்தனி? கொப்பர் செத்த வீட்டுக்கும் வரேல்லை. இவன்ரை தூர நிண்டு எடுக்கும். அரை மணித்தியால பஸ் தூரத்திலை இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமையிலை எட்டிப் பாக்கிறவனுக்கு அது போதும்."

அண்ணாவின் முகம் சிவந்தது. தம்பி கமராவை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டான். எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது. எவ்வளவு காலமாக நான் சொல்ல நினைத்ததை அம்மாவே சொல்லிவிட்டார். அந்தச் சந்தோசத்துக்கு அவர் அதிக நேரம் தரவில்லை.

"இவள் கண்ணாடியைத் தூக்கினவள்," என்று என் பக்கம் திரும்பினார். "பூச்சி எண்டு சொன்னவள். என்ரை முகத்தை எனக்குத் தெரியாமல் ஒளிக்க நீ ஆரடி? இந்தக் கோலத்திலை வாறவை போறவை எல்லாருக்கும் என்னைக் காட்டிக்கொண்டிருந்தனி."

அன்று மாலை சூப் ஏற்றப் போனபோது என் கையைத் தட்டிவிட்டார். உடம்பு துடைக்கவும் விடவில்லை. "பெரியவனைக் கூப்பிடு," என்றார். அண்ணா வந்து ஊசிக் குழலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் அழுத்துவது என்று என்னிடமே கேட்டார். நான் சொல்லிக்கொடுத்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தானாகவே சொன்னார். "நல்லதா ஒண்டு எடுங்கோ. அந்த மாம்பழ மஞ்சளை உடுத்திவிடுங்கோ. வெளிச்சத்திலை இருத்துங்கோ."

அதற்கு மட்டும் என்னைக் கிட்ட விட்டார். சேலை உடுத்துவது அவருக்கு எவ்வளவு நோகும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். புரட்டும்போது ஒரு சத்தமும் போடவில்லை, என் தோளில் நகத்தை மட்டும் ஆழமாகப் பதித்தார். திருநீறு பூசிவிட்டேன். அண்ணாவும் தம்பியும் கதிரையோடு தூக்கிக்கொண்டுபோய்ப் பல்கனியில் வைத்தார்கள். ஹோலைப் பார்த்து இருந்த முகத்தில் கடல் வெளிச்சம் ஒரு பக்கமாக அடித்தது. முகத்தின் மற்றப் பக்கம் இருட்டாக விழுகிறது, வெள்ளையாக ஏதாவது பிடி என்று அண்ணா சொன்னதால், நான் கட்டில் விரிப்பு ஒன்றை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணா அம்மாவுக்கு முன்னால் குந்தினார். தம்பி ஹோலின் மற்றத் தொங்கலில், தூரத்துச் சுவரோடு சாய்ந்து நின்று லென்ஸை முழுக்க நீட்டினான்.

அண்ணா எடுத்து எடுத்துப் பார்த்தார். திருப்திப்படவில்லை.

"அந்தக் குழாய்தான் கெடுக்குது. ஒரு நிமிசம் எடுக்கேலாதோ?"

"அது கழுத்துச் சங்கிலியில்லை," என்றேன். "வயித்துக்குள்ளை போகுது. எடுத்தாத் திரும்பப் போட நேர்ஸ் வரோணும். போன தரம் போடேக்கை அம்மா பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது."

"கம்ப்யூட்டரிலை அழிக்கலாம் அண்ணா," என்று தம்பி உள்ளேயிருந்து கத்தினான்.

"அழிச்சா அழிச்சது தெரியும். இவ்வளவு விபரமா எடுக்கிற கமராவிலை..."

அம்மா பிளாஸ்டரை உரித்தார். நான் "அம்மா" என்று சொல்வதற்குள் குழாயைப் பிடித்து இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நீளமா உள்ளே கிடந்தது என்று நினைத்தேன். கடைசியில் நுனி வெளியே வந்தபோது வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, மூக்கில் வந்த இரத்தத்தைச் சேலைத் தலைப்பின் உட்பக்கத்தால் துடைத்தார்.

அந்த நேரம் முழுவதும் அண்ணாவின் கமரா அடித்துக்கொண்டே இருந்தது. தம்பியும் தன்னுடையதை இறக்கவில்லை. நானும் விரிப்பைக் கீழே போடவில்லை.

"இப்ப எடுங்கோ," என்றார் அம்மா. நிமிர்ந்து உட்கார்ந்து நேரே பார்த்தார்.

பொழுதுபட நேர்ஸ் வந்தார். எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும் சிங்களப் பெண். அம்மாவின் வெறும் மூக்கைப் பார்த்து, "மொகத மே?" என்று என்னிடம் கத்தினார். என்ன இது என்று அவர் கேட்டதற்கு, வெளியே கிடந்த குழாயைக் காட்டினேன். புதுக் குழாயை எடுத்துக்கொண்டு கிட்டப் போனபோது அம்மா முகத்தைத் திருப்பினார். "எப்பா, மிஸ்ஸி, எப்பா." வேண்டாம், வேண்டாம் என்றவர், எங்களுக்குத் தமிழில் சொன்னார். "திரும்பப் போட்டா, திரும்பப் புடுங்குவன்."

நேர்ஸ் போகும்போது அண்ணா என்னைத் தனியே கூப்பிட்டு, இப்படியே விட்டால் எவ்வளவு காலம் என்று அவரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். டிக்கெட் மாற்ற வேண்டியிருக்குமாம். நான் கேட்டேன். நேர்ஸ் பதில் சொல்லாமல் லிஃப்டுக்குள் போய்விட்டார். அண்ணா டிக்கெட்டை மாற்றினார்.

அதற்குப் பிறகு அம்மா என்னைத் தொட விட்டார். பஞ்சைத் தேத்தண்ணீரில் நனைத்து உதட்டில் வைப்பேன், அவ்வளவுதான். ஒரு மத்தியானம், "பசிக்குது," என்றார். குழந்தை சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னார். பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழும்பினேன்.

"நேர்ஸைக் கூப்பிடட்டே அம்மா? குழாயைப் போடுவம்."

"வேண்டாம். படம் எடுத்தாச்சுத்தானே."

அவர் சாகும்போது மூன்று பேரும் பக்கத்தில் இருந்தோம். அண்ணா அதைக் கனத்தைச் சுடலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார்.

கல்வெட்டைக் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் கொடுத்தோம். எந்தப் படம் என்று முடிவாகவில்லை. அண்ணாவும் தம்பியும் தங்கள் தங்கள் படத்தில் ஒவ்வொன்றை அட்டை அளவில் அடித்துத் தரச் சொல்லி வாங்கி, அச்சகத்துக்கு முன்னால் நின்று பார்த்தார்கள். இரண்டிலும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டிலும் சேலை மாம்பழ மஞ்சள். நல்ல வெளிச்சத்தில் எடுத்து அந்தச் சின்ன அளவில் அடித்தபோது ஒரு வித்தியாசமும் இல்லை.

"இதுதான் என்ரை," என்றார் அண்ணா. "துல்லியத்தைப் பார்."

"அது என்ரை," என்றான் தம்பி. "மூக்கைப் பாருங்கோ, சரியா இருக்கு."

இருவரும் ஒரே படத்தைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நீங்கள்தான் அவவைக் குழாய் புடுங்க வைச்சனீங்கள்," என்றான் தம்பி திடீரென்று.

"நீ என்ன கண்ணை மூடிக்கொண்டே நிண்டனி? நீயும்தானே அடிச்சுக்கொண்டு நிண்டனி."

வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் மற்றப் படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கொடுத்தேன். அது யார் எடுத்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தம்பி அங்கிருந்தே வீட்டுக்கு நடந்தான். முப்பத்தோராம் நாளுக்கும் வரவில்லை.

அன்று சாப்பிட வந்தவர்கள் எல்லோரும் கல்வெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "என்ன வடிவான படம்! எப்ப எடுத்தது?" என்று கேட்டார்கள். "நோய் வருத்தம் வர முன்னம்," என்று அண்ணா எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். வத்தளையிலிருந்து வந்திருந்த சித்தி, அம்மாவின் தங்கை, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அண்ணாவிடம் வந்தார்.

"தம்பி, நீ போறதுக்கு முன்னம் என்னையும் ஒண்டு எடுத்து வைச்சிட்டுப் போ. என்ரை பிள்ளையளுக்கு இப்பிடி ஒண்டும் செய்யத் தெரியாது."

"வாங்கோ சித்தி, வெளிச்சம் போக முன்னம் எடுப்பம்," என்று அண்ணா எழும்பினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த தட்டங்களைப் போட்டு உடைத்திருப்பேன். "வேண்டாம் சித்தி," என்றேன். "இப்ப என்னத்துக்கு?"

சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, உன்ரை கொம்மா மட்டும்தான் வடிவே?"

பல்கனிக் கதவை மறித்துக்கொண்டு நின்றிருந்த நான் தட்டங்களை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு விலகினேன். சித்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு வெளியே போய்க் கதிரையில் உட்கார்ந்தார்.