அனுமன் தீர்த்தத்தில் முக்கால் மணி நேர ஆறு

இந்த ஆடிப் பதினெட்டு மாலையில், அனுமன் தீர்த்தத்துத் தென்பெண்ணையில் இருபத்தொரு விளக்கு விட்டுவிட்டு வந்தோம். ஆற்றில் தண்ணீர் இல்லை. பேரம் பேசி வாங்கித்தான் விட்டோம்.

எனக்கு ஓசூர் கடைத்தெருவில் புளி மண்டி. ஒரு காலத்தில் தலையில் கூடை வைத்துக் கெலமங்கலம் சந்தையில் கூவி விற்றவன். கோயில் குளம் என்று கடையைப் பூட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. இந்த முறை பூட்டியதற்குக் காரணம் என் மனைவி முனியம்மா. சித்திரையில் எங்கள் மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி, இரண்டு நாள் யாருக்கும் நம்பிக்கை இல்லை. அப்போது முனியம்மா வேண்டிக்கொண்டாள்: தாயும் பிள்ளையும் பிழைத்தால் ஆடிப்பெருக்கு மாலையில் தென்பெண்ணையில், ஓடுகிற தண்ணீரில், இருபத்தொரு மாவிளக்கு விடுவதாக. இரண்டு பேரும் பிழைத்தார்கள். பேரன் இப்போது ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுகிறான். வேண்டுதலைத் தீர்க்காமல் இருக்க முடியுமா?

விடியற்காலை ஐந்து மணிக்கு ஓசூரில் முதல் பஸ். கிருஷ்ணகிரி முப்பத்திரண்டு மைல், ஆளுக்கு ஒரு ரூபாய். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு "ரண்டி ரண்டி, பன்னி பன்னி, ஏறுங்கய்யா ஏறுங்க" என்று தெலுங்கையும் கன்னடத்தையும் தமிழையும் ஒரே மூச்சில் கலந்து கூப்பிட்டான். எந்தப் பாஷைக்காரரும் தப்பிக்க முடியாது. இவனை என் மண்டியில் ஏலம் கூவ வைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழே காலுக்குக் கிருஷ்ணகிரி. இட்டிலி ஒன்று ஓர் அணா. சட்னி கேட்டால் மறுபடியும் ஊற்றுகிறார்கள், கேளுங்கள். எட்டரைக்கு ஊத்தங்கரை பஸ். காவேரிப்பட்டணம், பாரூர், போச்சம்பள்ளி வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. இதற்கும் ஏறக்குறைய ஒரு ரூபாய். வலது பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. பாரூர் ஏரிக்கரையில் பஸ் ஏறியதும் காற்று மாறியது. கரும்பும் நெல்லும் பச்சையாக நின்றன. முனியம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏரியிலேயே இம்மாந் தண்ணின்னா ஆத்துல எம்மாந் தண்ணி இருக்கும்!" என்றாள். நானும் தலையாட்டினேன்.

ஊத்தங்கரையில் இறங்கும்போது பதினொன்றரை. அங்கிருந்து அனுமன் தீர்த்தம் ஆறு மைல். திருநாளுக்கென்று விடுகிற பஸ்களில் கால் வைக்க இடமில்லை. சிங்காரப்பேட்டைப் பக்கத்து மாட்டு வண்டிக்காரர் மாதப்பன் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்கு நாலணா கேட்டார். மூன்றணாவுக்குப் பேசி ஏறினோம். பாதி வழியில்தான் கேட்டேன்: "ஆத்துல தண்ணி எப்படி இருக்குதுங்க?"

மாதப்பன் திரும்பிப் பார்த்தார். "தண்ணியா? மைசூர்ப் பக்கம் மழையே இல்லீங்களே. குளிக்கிறதுக்கு அங்கங்க குட்டை கெடக்குது. வெளக்கு உடறதுன்னா..." என்று இழுத்தவர், மாட்டை அதட்டிப் பேச்சை மாற்றிவிட்டார்.

"வண்டி ஏறுறதுக்கு முன்னாலயே இதச் சொல்லலாமில்ல?" என்றேன்.

"சொல்லியிருந்தா ஏறியிருக்க மாட்டீங்களே."

எனக்குக் கோபம் வரவில்லை. வியாபாரம் தெரிந்த மனிதர்.

ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, கூட்டம் வெள்ளமாக இருந்தது. ராட்டினம், பொரிக்கடை, வளையல் கடை, கரும்புக் கட்டு, அனுமார் கோயில் மணி. பாறையிலிருந்து விழுகிற தீர்த்தத்தில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று தலையை நனைத்தோம். உடம்பு சிலிர்த்தது, அது வேறு விஷயம். ஆனால் படித்துறைக்குப் போய்ப் பார்த்தால் வெறும் மணல். நடுவில் முழங்கால் ஆழத்தில் ஒரு குட்டை. முனியம்மா அதன் ஓரமாக நின்று நெடுநேரம் பார்த்தாள்.

"இதுல உட்ரலாம், முனிம்மா. சாமிக்குத் தெரியாதா?" என்றேன்.

"ஓடுற தண்ணியிலன்னு வேண்டிக்கிட்டேன். நிக்கிற தண்ணியில உட்டா அது கடனேன்னு செய்யுற மாதிரி. நீங்க வேணும்னா புளியில கொட்டையக் கலந்து வித்துட்டு வாங்க, நான் கலக்க மாட்டேன்."

சுற்றி நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். அவர்கள் கூடைகளிலும் மாவிளக்கு இருந்தது. எல்லோருக்கும் அதே தவிப்பு.

ஆற்றில் தண்ணீரே வராமல் குட்டையில் மட்டும் எப்படித் தண்ணீர் நிற்கும் என்று யோசித்து, மணலில் மேற்கே நடந்தேன். மூன்று பர்லாங்கு போனதும் விஷயம் விளங்கியது. ஆற்றின் குறுக்கே மணலும் தழையும் போட்டு இடுப்புயரத்துக்கு ஒரு கரை. வந்த கொஞ்சத் தண்ணீரும் அதில் தேங்கி, பக்கவாட்டில் ஒரு வாய்க்காலில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. கரைமேல் மண்வெட்டியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். பெயர் தீர்த்தகிரி. எனக்கு முன்னாலேயே ஐம்பது அறுபது பேர் அங்கே போய்க் கத்திக்கொண்டிருந்தார்கள். கோயில் பூசாரியும் இருந்தார்.

"ஆத்துத் தண்ணி உன் அப்பன் வீட்டுதாய்யா?" என்றது ஒரு குரல்.

"கரை என் வீட்டுது. நானும் என் தம்பியும் கட்டுனது," என்றார் தீர்த்தகிரி. "இன்னிக்கு என் முறை. நாத்தங்கால் வெடிச்சுக் கெடக்குது. இன்னிக்கு ராத்திரி பாயலன்னா மறுபடி முறை வர எட்டு நாள் ஆவும். எட்டு நாள்ல நாத்து வைக்கோலா போயிடும். அப்புறம் நீங்க வந்து சோறு போடுவீங்களா?"

நியாயம். அதே சமயம் என் கண்ணுக்கு முன்னால் முனியம்மாவின் முகம். தண்ணீர் கேட்டவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு நேரம் சொல்லிக் கத்தினார்கள்: ஒருவர் இரண்டு மணி நேரம், ஒருவர் விடிய விடிய. ஒருவர் சொன்னதை அடுத்தவர் வெட்டினார். இப்படிப் பேசினால் எந்தச் சரக்கும் கை மாறாது. நான் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினேன்.

"அண்ணா, மாட்டுச் சந்தைக்குப் போற பழக்கம் உண்டுங்களா?"

தீர்த்தகிரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்?"

"துண்டுக்குள்ள பேசலாம். விரல் ஒண்ணுக்குக் கால் மணி நேரம்."

அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு எட்டிப்பார்த்தது. கையை நீட்டினார். இரண்டு பேர் கையின்மேலும் துண்டைப் போட்டேன். சந்தையில் பேரம் இப்படித்தான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடிப்பதுதான் பேச்சு. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, குறுக்கே பேசவும் வழியில்லை.

கூட்டம் கப்பென்று அடங்கியது. பிறகு ஒருவன் கத்தினான்: "கை போவுது, மாட்டக் காணோமேய்யா!"

நான் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். அவர் நாலை மடக்கி ஒன்றைக் கொடுத்தார். நான் நாலு. அவர் அதே ஒன்றை இன்னும் அழுத்தமாக. கெட்டியான கை, மண்வெட்டிப் பிடி மாதிரி. மூன்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றேன். அவர் ஒரு நிமிடம் வாய்க்காலைப் பார்த்தார். பிறகு என் கையைக் குலுக்கினார். முக்கால் மணி நேரம்.

"இருங்க, என் சரக்கு இன்னும் பேசலியே," என்றார் அவர். "தேங்குன தண்ணி பூரா போயிட்டா மறுபடி ஏற நேரமாவும். வெட்டுன எடத்த ஒடனே அடைக்கணும். எனக்கும் தம்பிக்கும் ஆவாது. விரலுக்குப் பத்து ஆளு."

மறுபடி துண்டு. அவர் ஐந்து கேட்டார், நான் இரண்டு கொடுத்தேன். நாலில் முடிந்தது. விளக்கு விட்டதும் நாற்பது ஆள் வந்து கரையை அடைத்துத் தர வேண்டும்; வாக்கு என்னுடையது. சுற்றி நின்றவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னேன். "வர்றோம், வர்றோம்!" என்று எல்லோரும் கை தூக்கினார்கள்.

ஆறரைக்குச் சூரியன் இறங்கியது. பூசாரி படித்துறையில் நின்று ஐந்து முக விளக்கை வெறும் மணலுக்கு முன்னால் சுற்றத் தொடங்கினார். மேலே தீர்த்தகிரி ஒரு முழ அகலத்துக்குக் கரையை வெட்டினார். சங்கு ஊதினார்கள். நாங்கள் எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. பிறகு மணல் கறுத்துக்கொண்டே வந்தது. அதன் பின்னால் நுரையும் சருகுமாக, பாம்பு நெளிகிற மாதிரி, ஆறு வந்தது!

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். முனியம்மா வாழைமட்டைத் துண்டில் முதல் மாவிளக்கை வைத்து விட்டாள். அது மணலில் தட்டி நின்றது. அடுத்த அலை வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டாவது, மூன்றாவது. இருபத்தொன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாறையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போயின. அவற்றோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான விளக்குகள். ஒரு பெண்ணின் விளக்கு அணைந்ததும், முன்பின் தெரியாத இன்னொருத்தி தன் விளக்கில் ஏற்றிக் கொடுத்தாள். எத்தனையோ சந்தை பார்த்திருக்கிறேன், லாபம் வந்த நாள் பார்த்திருக்கிறேன். இப்படி உடம்பு முழுக்கப் பொங்கிய நாள் ஒன்றுமில்லை.

கைக்கடிகாரத்தில் முக்கால் மணி ஆனதும் "ஆளுங்க வாங்க!" என்று கத்திக்கொண்டே மேலே ஓடினேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் பத்துப் பேர்கூட இல்லை. மேட்டில் பஸ்கள் ஹாரன் அடித்தன. கை தூக்கியவர்கள் எல்லோரும் அங்கே ஏறிக்கொண்டிருந்தார்கள். கரையில் ஒரு முழ வெட்டு மூன்று முழமாக அரித்திருந்தது. தீர்த்தகிரியும் தம்பியும் தழைக்கட்டைத் தண்ணீரில் அழுத்திக்கொண்டு நின்றார்கள்.

"புளிக்காரரே, நாப்பது ஆளு எங்கய்யா?" என்றார். அந்தக் குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகம்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். கையால் மணலை அள்ளிப் போட்டால் போட்டது போட்டபடியே போகிறது. என் வாக்கும் அதோடு போகிறது என்று நினைத்தபோது, பின்னால் முனியம்மாவின் குரல்.

"ஏ அக்கா! ஏ தங்கச்சி! எங்க ஓடுறீங்க? அந்த மனுசன் நாத்து காஞ்சா அந்தப் பாவத்த எந்த ஆத்துல போயிக் கழுவுவீங்க? வெளக்கு கொண்டாந்த கூடையில மண்ண அள்ளுங்க!"

முதலில் நாலைந்து பேர். பிறகு படித்துறையிலிருந்து ஒரு வரிசையே வந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாவும் பூவும் ஒட்டிய கூடைகளில் மணல் அள்ளிக் கை மாற்றி அனுப்பினார்கள். தீர்த்தகிரி ஒரு கணம் திகைத்தார். "ஆளுன்னு சொன்னது ஆம்பளைங்கள..." என்றார்.

"துண்டுக்குள்ள அது எழுதியிருந்துச்சா?" என்றாள் முனியம்மா. "அழுத்துங்கண்ணா, பேசாதீங்க!"

அரை மணியில் கரை மூடியது. யாரும் போகவில்லை; எல்லோரும் வாய்க்கால் வாயில் குனிந்து நின்றோம். தேங்கிய தண்ணீர் விரல் விரலாக உயர்ந்தது. எட்டு மணி வாக்கில் வாய்க்காலில் நாக்கு நீட்டி, உள்ளே நுழைந்தது. தீர்த்தகிரி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே நாற்றங்காலுக்கு ஓடினார். முழுதும் பாயுமா என்று அப்போது தெரியாது. இரவு நாங்கள் மாதப்பனின் வண்டியிலேயே படுத்திருந்துவிட்டுக் காலையில் போய்ப் பார்த்தோம். கடைசிப் பாத்தி வரை மண் கறுத்திருந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஊத்தங்கரைக்கு எட்டரை பஸ்ஸைத் தவறவிட வேண்டாம். அடுத்தது கிடைத்தால் உண்டு. மாவும் நெய்யும் திரியும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்; வாழைமட்டை மட்டும் அங்கே வாங்கலாம், அரையணாவுக்கு மேல் கொடுக்காதீர்கள். திரும்புவதற்கு இரவு பஸ்ஸை நம்பாமல் தங்குகிற எண்ணத்தோடு போங்கள்.

இனி மழை பொய்க்கிற வருஷத்துக்கு, அன்று காலையிலேயே நாற்றங்கால் வரப்பில் நின்று தீர்த்தகிரியோடு பேசி முடித்தது முனியம்மா. துண்டு போடவில்லை, பூசாரி சாட்சி. பேச்சு இதுதான்: சூரியன் இறங்கியதிலிருந்து ஒரு மணி நேரம் தண்ணீர். வெட்டு ஒரு முழத்துக்கு மேல் போகக் கூடாது. விளக்கு விடுகிற ஒவ்வொரு வீடும், ஆணோ பெண்ணோ, பத்துக் கூடை மணல் கரையில் கொட்டிய பிறகுதான் பஸ் ஏற வேண்டும். கூடை அவரவருடையது.