அப்பா வீட்டில் கெட்ட செய்திக்கு முதலிடம்

எங்கள் அன்புத் தந்தையார் யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் ஒரு சுருட்டுத் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார். உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்தார். இளமையில் சீனச் சார்பு இடதுசாரியாக இருந்து, அந்நாட்டின் கூட்டுப் பண்ணைகளைப் புகழ்ந்து சந்திக்குச் சந்தி தொண்டை கிழியப் பேசியவர். அந்தப் பண்ணைகளின் காலத்தில் அங்கே கோடிக்கணக்கானோர் பட்டினியால் இறந்ததைப் பல வருடங்கள் கழித்தே வாசித்து அறிந்தார். அதன்பின் அவர் சீனாவை விடவில்லை. கனடாவில் ரொறன்ரோ வந்து, டோர்செட் பார்க் அடுக்குமாடியில் குடியேறி, பகல் முழுவதும் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்தாலும் வாசிப்பதெல்லாம் சீனாதான்.

எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்த நீங்கள் எவரும் அந்தப் பாடத்திலிருந்து தப்பியிருக்க மாட்டீர்கள். “அதே நிலம், அதே சனம். ஒருக்கால் பட்டினி, ஒருக்கால் வளர்ச்சி. அப்ப என்ன மாறினது?” என்று கேட்டு, பதிலையும் அவரே சொல்லுவார். விளைச்சலைக் கூட்டிச் சொன்ன பண்ணை அதிகாரிக்குப் பாராட்டு; உள்ளதைச் சொன்னவருக்குத் தண்டனை. அதனால் மேலே போனதெல்லாம் நல்ல செய்தி. மேலிடம் அதை நம்பி, விளையாத தானியத்தில் பங்கு கேட்டது. சனத்தின் வாயிலிருந்து பறித்துக் கொடுத்தார்கள். பின்னாளில் நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்து விட்டு, அரசுக்குக் கொடுத்தது போக மிச்சம் உனக்கு என்றார்கள். வயல் விளைந்தது. கிராமங்களும் தொழிற்சாலை தொடங்கின. “சனம் நல்லதோ கெட்டதோ எண்டு பாக்காதேங்கோ. சட்டதிட்டம் என்னெண்டு பாருங்கோ,” என்று முடிப்பார்.

இவ்வளவும் தெரிந்தவர் தன் வீட்டை எப்படி நடத்தினார் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அப்பாவுக்கு முன்கோபம். கெட்ட செய்தி கொண்டுவந்தவர் மேல்தான் முதலில் பாய்வார். அண்ணா வேலை இழந்தபோது, கோப்பிக் கடையில் பொழுதைக் கழித்துவிட்டு வேலையால் வருவதுபோல வீட்டுக்கு வந்தார். அம்மா தன் மார்பில் இருந்த கட்டியைச் சொல்லவே இல்லை. தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது.

“ஏனம்மா மறைச்சனீங்கள்?” என்று ஆஸ்பத்திரியில் கேட்டு அழுதேன்.

“அவர் ஏசுவார் பிள்ளை. பிறகு சாப்பிடவும் மாட்டார்,” என்றார் அம்மா.

கட்டிலின் மறுபக்கம் அப்பா நின்றிருந்தார். அவருக்கும் கேட்டது.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று அப்பா எங்களை இருத்திவைத்துச் சொன்னார்: “சீனாவைப் பற்றிக் கதைச்சுக் கதைச்சு, நானும் இந்த வீட்டை அப்பிடித்தான் நடத்தியிருக்கிறன். கொம்மாவை நான்தான் சாகவிட்டனான்.” இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுவும் அவரை மகிழ்விக்கச் சொன்ன இன்னொரு நல்ல செய்தியாகத்தான் இருந்திருக்கும்.

“இனி ஞாயிறு எல்லாரும் இஞ்ச வரவேணும். முதல் கெட்டதைச் சொல்லவேணும். நான் ஏசினா எழும்பிப் போங்கோ. அடுத்த ஞாயிறு நான் உங்கட வீட்டை வந்து மன்னிப்புக் கேப்பன்,” என்றார். தன் கோபம் அடங்கிவிடும் என்று அவர் நம்பவில்லை. அதனால்தான் சட்டம் போட்டார். முதல் ஞாயிறே ஏசினார். அண்ணா சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனார். அடுத்த ஞாயிறு அப்பா பனிக்குள் பஸ் மாறி மாறிப் பிறம்ரன் நகருக்குப் போய், மகன் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார்.

கடைசியில் அவருக்கே நோய் வந்தது. காது மந்தமானதால் டொக்டர் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. புற்றுநோய் ஈரல் முழுவதும் பரவிவிட்டது. ஆஸ்பத்திரி அறை வாசலில் அண்ணா என்னை மறித்தார்.

“சொல்லாதை தங்கச்சி. வயித்துப் புண் எண்டு சொல்லுவம். இருக்கிற கொஞ்ச நாளும் நிம்மதியா இருக்கட்டும்.”

நம்மவர்களில் எந்தப் பிள்ளைதான் அப்படிச் சொல்லவில்லை? எனக்கும் அதுவே ஆசை. ஆனால் உள்ளே போனதும் அப்பா என் முகத்தைப் பார்த்தார். “முதல் கெட்டதைச் சொல்லு பிள்ளை,” என்றார். காதருகில் குனிந்து, பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

“சரி. நல்லது என்ன?”

“ஒண்டும் இல்லை அப்பா,” என்றேன்.

அப்பாவைப் பராமரித்த தாதியருக்கும், சமைத்து அனுப்பிய அடுக்குமாடி அயலவருக்கும், ஈமக்கிரியையில் தோள் கொடுத்த உறவுகளுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். “பாவம், ஒண்டும் தெரியாமல் அமைதியாப் போட்டார்,” என்று எங்களைத் தேற்றியவர்களுக்கும் நன்றி. ஆனால் அவருக்கு எல்லாம் தெரியும். அமைதியாகவும் போகவில்லை. மருந்துக்கு அடங்காத வலி. நிறையப் பயந்தார். அம்மா எல்லாவற்றையும் மறைத்து, தனியே பயந்திருப்பார். அப்பா எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டு பயந்தார்.