ராசையா வீட்டுக் கூரையில் மெழுகுச் சாந்து

ஏப்ரல் மாதம் ராசையாவின் அறை வெப்பநிலை ரீடிங்கும், எங்கள் சாந்து பூசாத பக்கத்து அறை ரீடிங்கும் ஒரே அளவாக வந்தபோது, வேலை தோற்றுவிட்டது என்றே நினைத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. திருவனந்தபுரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் கான்கிரீட் லேபில் நான் டெக்னீஷியன். லதா மேடம் சிமென்ட் சாந்தில் மெழுகு சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உருக்கிய மெழுகைப் பெர்லைட் என்ற நுண்துளைக் குருணையில் ஊறவைத்துச் சாந்தில் கலப்போம். பகலில் மெழுகு உருகும்போது சூட்டை உள்வாங்கும். இரவில் மறுபடி உறைந்தால்தான் அடுத்த நாளைக்கு உதவும்.

ராசையா திருநெல்வேலிக்காரர். சாலை என்ற பெரிய கடைத்தெருவில் மூட்டை தூக்கி, முதுகில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். பக்கத்திலேயே ஆரியசாலையில் அவருடைய மாடி அறையில் மதியமானால் கான்கிரீட் கூரை அனலைக் கொட்டும். வீட்டு உரிமையாளரின் சம்மதத்தோடு அந்தக் கூரையின் அடிப்பக்கம் எங்கள் சாந்தைப் பூசியிருந்தோம்.

எப்போது கேட்டாலும் ராசையா, “நல்ல குளிர்ச்சியா இருக்கு மேடம்” என்பார். ஏப்ரலில் தெர்மாமீட்டர் அப்படிச் சொல்லவில்லை.

அன்று மேடம் கட்டிலருகே உட்கார்ந்து, தன் மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். “ராசையா, உள்ளது சொல்லணும். எனக்குச் சங்கடம் ஒண்ணும் இல்ல, கேட்டோ.”

ராசையா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குச் சோறு கொடுக்கக் கடை வேலையிலிருந்து வந்திருந்த மனைவி செல்விதான் சொன்னார். “பனிக்காலத்துல நல்லாத்தான் இருந்துச்சு மேடம். இப்ப வேர்த்து ஊத்துது. ஈரத்துணி பிழிஞ்சு பிழிஞ்சு போடுதேன்.”

“ஏன் சொல்லல அண்ணாச்சி?” என்றேன்.

“சரியில்லன்னா நீங்க வரமாட்டியளே சாரே,” என்றார் ராசையா. “வேற யாரு வாரா இங்க?”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு செல்வியிடம், “ராத்திரி ஜன்னல் திறக்கறதுண்டா?” என்று கேட்டார்.

“ஓடைக் கொசு மேடம். பொழுது சாயும்போதே சாத்திருவேன்.”

அப்போதுதான் புரிந்தது. நாங்கள் சேர்த்த மெழுகு பனிக்கால இரவில் உறைந்தது. கோடை இரவில், சாத்திய அறைக்குள், உறையவே இல்லை.

கோடை இரவிலும் உறையும்படி, இன்னும் சற்றுக் கூடிய சூட்டில் உருகும் மெழுகு போட்டுப் புதுச் சாந்து தயாரித்தோம். பழையதைக் கொத்தியெடுத்துப் புதியதைப் பூசி முடிக்கும்வரை ராசையாவைக் கட்டிலோடு பக்கத்து அறைக்கு மாற்றினோம். இரவில் காற்று உள்ளே வர ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தேன். அறை குளுகுளு என்று ஆகிவிடவில்லை, வியர்வை அடங்கியது.

பிறகொரு மதியம் போனபோது ராசையா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ரீடிங் எடுக்க ஸ்டூலை இழுக்கப் போனேன். மேடம் என் கையைப் பிடித்து, “வேண்டா, உறங்கட்டே” என்றார்.

புராஜெக்ட் முடிந்த பிறகும் நாங்கள் அங்கே போவதை நிறுத்தவில்லை. லேபுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒன்று சொல்வேன். குடியிருப்பவரிடம் ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள்; நம் மனம் நோகக்கூடாதென்றோ, நாம் வருவது நின்றுவிடுமென்றோ ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ‘எந்த நேரம் கஷ்டமா இருக்கு?’ என்று கேளுங்கள்.