நரின் ஆறு இரண்டாகப் பிரிந்த காலை

புரூல் எஜேயின், அதாவது எங்கள் புரூல் அக்காவின், கோட்டுப் பையில் எப்போதும் ஒரு கைப்பிடி குருத் இருக்கும். யோசிக்க வேண்டிய விஷயம் வந்தால் அந்த உப்புத் தயிர் உருண்டைகளில் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் அதக்கிக்கொள்வாள். போன வசந்தத்தில் அதே பையில், கிர்கிஸ்தானில் உள்ள எங்கள் கல்லூரிக் கணினி அறையின் சாவியும் இருந்தது. அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஒரு மாதச் சோதனையாகக் கொடுத்தது. மாதம் முடிந்ததும் நாங்கள் மரியாதையாக அகாய் என்று கூப்பிடும் துறைத் தலைவர் தோக்தோசுன் அதைத் திருப்பிக் கேட்கலாம், கேட்காமலும் விடலாம்.

எஜே பதினோராம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். சந்தையில் இரும்புப் பெட்டிக் கடைகளின் வரிசையில் ஏழு வருடம் போன் பழுது பார்த்தாள். நாங்கள் பாடத்துக்குப் பயன்படுத்தும் இலவசக் கணித மென்பொருள் முரண்டு பிடித்தால், மாணவர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் ஓடுவார்கள். அந்த மென்பொருளுக்கு இணையத்தில் ஒரு மன்றம் உண்டு. எந்தெந்த நாட்டிலிருந்தோ கேட்பார்கள், தெரிந்தவர்கள் சும்மாவே பதில் சொல்வார்கள். எஜே மொழிபெயர்ப்புச் செயலியை வைத்து அதையெல்லாம் படித்தாள். ஒரு வருடத்தில் பதில் எழுதவும் தொடங்கிவிட்டாள். அங்கே யாரும் டிப்ளமா கேட்பதில்லை.

நான் டிப்ளமா வாங்கியவள், எங்கள் வீட்டில் முதல் ஆள். அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உண்மையில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சில நாள் சந்தேகம் வரும். நான் உதவி விரிவுரையாளராக நடத்திய முதல் செய்முறைத் தேர்வு அன்று அந்தச் சந்தேகம் பெரிதாகவே வந்தது.

தேர்வு எளிதானது. ஒரு வருடத்தில் நரின் ஆற்றில் ஓடிய நீரின் அளவு, நாளுக்கு ஒன்றாக, ஒரு கோப்பில் இருக்கிறது. சராசரி கண்டுபிடித்து வரைபடம் போட வேண்டும். பத்து மணிக்கு இல்கிஸ் என்கிற மாணவன் கத்தினான்.

"எஜே, இங்க வாங்க! நரின் ஆறு ரெண்டா பிரிஞ்சிடுச்சு!"

"நீ காலையில என்னத்தடா குடிச்ச?"

"சத்தியமா எஜே! சராசரி கேட்டா ரெண்டு நம்பர் வருது!"

பதினைந்து கம்ப்யூட்டரிலும் அதே கதை. வாசலில் அகாய் வந்து நின்றார்.

"சந்தைக்காரி கையில அறையைக் கொடுத்தா வேற என்ன ஆகும்? பதினொண்ணுக்குள்ள சரியாகலேன்னா தேர்வு ரத்து. சாவியை இன்னைக்கே என் மேசையில வச்சிடுங்க."

 எஜே ஒரு குருத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுத் திரும்ப நிறுவிடலாம் எஜே," என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

"தலைவலின்னா தலையையே மாத்துவியா? முதல்ல பிரச்சினையைச் சின்னதாக்கு."

மன்றத்தில் கேள்வி கேட்பவர்களிடமும் அவள் இதைத்தான் சொல்வாள். கோப்பைப் படி எடுத்து, முந்நூற்று அறுபத்தைந்து வரிகளில் பத்தை மட்டும் வைத்தாள். இரண்டு விடை. ஒரே ஒரு வரியை வைத்தாள். அப்போதும் இரண்டு: 91, பிறகு 5. அந்த வரியைத் திரையில் பெரிதாக்கினாள்.

91,5

எல்லோரும் பார்த்தோம். யார் கண்ணுக்கும் தவறு தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து தொண்ணூற்றொன்றரையை நாங்கள் இப்படித்தான் எழுதுகிறோம். தசமத்துக்குக் காற்புள்ளி. ஆனால் மென்பொருள் எதிர்பார்ப்பது புள்ளி. காற்புள்ளியைக் கண்டால் ஒரு எண் முடிந்து அடுத்த எண் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளும்.

எஜே எழுந்து நின்றாள்.

"தப்பு என்னோடது, அகாய். கிராமத்துப் பசங்க ஆங்கிலத்தைப் பார்த்து மிரளுறாங்கன்னு வெள்ளிக்கிழமை எல்லா மெஷினையும் கிர்கிஸ் மொழிக்கு மாத்தினேன். அதோட எண்ணும் நம்ம முறைக்கு மாறிடுச்சு."

சனிக்கிழமை அந்தக் கோப்பை அதே அறையில் உட்கார்ந்து சேமித்தவள் நான். ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். ஆனால் மறைக்க மனம் வரவில்லை.

"கோப்பு என்னோடது, அகாய்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "சரிபார்க்காம கொடுத்தது நான்தான்."

அகாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பொறுப்பேத்துக்க ரெண்டு பேர் இருக்கீங்க, சரி. சரிபண்ண யார் இருக்கா?"

எஜே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். ஒரே கட்டளையில் காற்புள்ளிகள் எல்லாம் புள்ளிகளாயின. நான் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராக ஓடினேன். பத்து நாற்பதுக்கு இல்கிஸ் மறுபடி கத்தினான்.

"ஆறு ஒண்ணு சேர்ந்திடுச்சு எஜே!"

"சந்தோஷம். வரைபடத்தைப் போடுடா, ஆறு ஓடிடப் போகுது."

தேர்வு முடிந்ததும் அகாய் கேட்டார்: "மெஷினைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாத்திடுவீங்கதானே?"

"இல்ல அகாய். மொழி இருக்கட்டும், எண்ணை மட்டும் புள்ளிக்கு மாத்தறேன். பசங்க மிரளாம படிக்கட்டுமே."

அவர் மோவாயைத் தடவினார். "அடுத்த தேர்வுக்கு முந்தின நாளே அந்த ஒரு வரி சோதனையைப் பண்ணிடுங்க. ரெண்டு பேரும்."

"அடுத்த தேர்வு ஜூன்ல அகாய். என் மாசம் ஏப்ரல்லயே முடியுது."

"எனக்கும் காலண்டர் பார்க்கத் தெரியும்," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

எஜே சாவியைப் பையிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்தாள். திரும்பப் போடும்போது கையில் வந்த குருத்தை என்னிடம் நீட்டினாள்.

"இந்தா. அடுத்த தடவை நீ சின்னதாக்கு, நான் பார்க்கிறேன்."